மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே

எங்கள் ஊர்ப் பக்கம் கத்தோலிக்கக் குருவைச் சாமியார் என்றுதான் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் என் மூத்த மெக்கானிக்கிடம், "அண்ணே, சாமியாராகப் போகலாமா என்று யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் தருமபுரிக்காரர். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "எந்த மலைக்குத் தம்பி?" என்றார். மலைக்கில்லை, குருமடத்துக்கு என்று விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. தத்துவமும் இறையியலுமாகக் குறைந்தது ஆறு ஆண்டுப் படிப்பு, அதற்கு முன்னால் ஆயத்தக் காலம் வேறு என்றதும் அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. "கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல இவ்வளவு படிக்க வேண்டுமா?"

நான் ராதாபுரம் பக்கத்துக்காரன். டிப்ளமோ முடித்த கையோடு 2022இல் பெங்களூருக்கு வந்தேன். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. கம்மனஹள்ளியில் தொடங்கி மாரத்தஹள்ளி வரை நாற்பது சொச்சம் லிஃப்டுகள் எங்கள் இருவர் பொறுப்பு. காலை ஷிஃப்ட் இல்லாத நாட்களில் சிவாஜிநகர் தூய மரியா பேராலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் போவேன். வியாழக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்தால் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயம். செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து வரும் கூட்டத்தில் தமிழ் கேட்டால், சொந்த ஊரில் நிற்பதுபோல் இருக்கும். குருவாக வா என்று ஆண்டவர் கூப்பிடும் இறை அழைத்தல் என்று ஒன்று எனக்கு வருமானால் இப்படி ஓர் இடத்தில், பாட்டுக்கும் சாம்பிராணிக்கும் நடுவில்தான் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. மகனைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் தாய்மார்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். என் அம்மா அந்த ரகம் இல்லை. 2022 மே 15 அன்று, விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்ணீர் விட்டவர், அந்த நிகழ்ச்சியையே பிறகு என்னிடம் வாதமாக எடுத்து வைத்தார். "அவர் அரண்மனையில் வேலை பார்த்தவர், கல்யாணம் ஆனவர். காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லும்வரை குடும்பஸ்தர்தானே? புனிதராக ஆவதற்கு அங்கி எதற்கு?" இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஒரே மகனைப் பெற்றவரிடம் மறைக்கல்வி ஆசிரியர்போல் பேசவும் முடியாது.

போன ஜூனில் ஒரு மழை இரவு. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மின்சாரம் போய் லிஃப்ட் நின்றுவிட்டது. மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடிப் பக்கத்து மாடியில் கதவைத் திறந்துவிடும் கருவி பல புது லிஃப்டுகளில் உண்டு, இதிலும் இருந்தது. பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்று இரண்டு மாதமாக எழுதிக் கொடுத்திருந்தோம். மாற்றவில்லை. உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் மொட்டை மாடி இயந்திர அறைக்கு ஓடினார். நான் நான்காம் மாடிக் கதவோடு காதை வைத்து, "பயப்படாதீர்கள், விழாது" என்று குரல் கொடுத்தேன். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, கயிறு அறுந்துவிடுமா என்பதுதான். கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை என்பது கேபினின் எடையும் முழுச் சுமையில் ஏறக்குறையப் பாதியும் சேர்ந்தது. அதனால் உள்ளே ஒரே ஆள் இருக்கும்போது பிரேக்கைத் தளர்த்தினால் கேபின் மேலேதான் ஏறப் பார்க்கும். இதையெல்லாம் கதவு வழியாக விளக்க முடியாது. குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு நானும் மேலே ஓடி, அண்ணன் பிரேக்கைத் தளர்த்த நான் சக்கரத்தைச் சுற்ற, கேபினை நான்காம் மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தோம்.

வெளியே வந்தது சாப்பாடு கொண்டுவந்த பையன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பேச்சு. குடியிருப்புக்காரர்கள் கைதட்டினார்கள், ஓர் அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்தப் பையன் என் சட்டையைத் தொட்டு, "அண்ணா, தாமதத்துக்கு என் கணக்கில் பணத்தைப் பிடித்துவிடுவார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்வீர்களா?" என்று கேட்டான். "பார்க்கலாம்" என்றேன். தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பியபோது அவன் படியிறங்கிப் போயிருந்தான்.

என் ஆன்ம வழிகாட்டி வயதான இயேசு சபைத் தந்தை. மாதம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போவேன். அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். இருட்டில் இருப்பவனுக்குக் குரல் கொடுப்பது, மேலே தூக்கிவிடுவது என்று ஏறக்குறைய ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. அவர் பிரசங்கத்தைக் காதில் வாங்கவில்லை. "அந்தப் பையனுக்காக யாரிடமாவது பேசினாயா?" என்றார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "மாதத்தில் இப்படி எத்தனை முறை?" என்றார். இரண்டு, மூன்று. "மற்ற நாட்களில்?" லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கித் தண்ணீர் இறைப்பது, கேபின் ஓடும் தண்டவாளத்தில் எண்ணெய் பூசுவது, கதவின் தொடுமுனைகளைத் துடைப்பது. அதை யாராவது பார்ப்பார்களா என்று கேட்டார். பழுதானால்தான் எங்களை நினைப்பார்கள் என்றேன். "பங்குத் தந்தையின் மாதமும் ஏறத்தாழ அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு எரிச்சல். பாராட்ட ஒரு வார்த்தை கூடவா இல்லை?

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், அதற்கு முன்பு போர்வீரராக இருந்தவர், 1521இல் ஸ்பெயினின் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டடிபட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தன் மனத்தில் ஒன்றைக் கவனித்தார். வீரசாகசக் கனவுகள் இனித்தன, ஆனால் கனவு முடிந்ததும் மனம் வறண்டது. புனிதர்களைப்போல் வாழ்வதாக எண்ணிப் பார்த்த பிறகும் நிறைவு தங்கியது. எது கடவுளிடமிருந்து வருகிறது என்று பிரித்தறிவதைத் தெளிந்து தேர்தல் என்று நாங்கள் சொல்வோம்; அதன் தொடக்கம் அதுதான். அதை என் வேலையில் வைத்துப் பார்த்தேன். ஆளைக் காப்பாற்றிய மகிழ்ச்சி பைக்கை நிறுத்தும் இடம் வரைதான் வருகிறது. அறைக்குள் நுழையும்போது அந்தப் பையனின் முகம்தான் மிஞ்சுகிறது. ஆனால் குழியைச் சுத்தம் செய்த ஒரு புதன்கிழமை, உடம்பெல்லாம் கிரீஸ், யாரும் பார்க்கவில்லை, ஏனென்று தெரியாமல் அடிவயிற்றிலிருந்து ஒரு பாட்டு வந்தது. ஒருநாள் வந்தது. அடுத்த புதன்கிழமை வரவில்லை. கணக்கை நேர்மையாக எழுத வேண்டும் அல்லவா?

நான் குருவாக விரும்புகிறேனா, அல்லது கதவைத் திறப்பவனாக எல்லாரும் என்னைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேனா? இதுதான் இப்போது என் கேள்வி. ஆண்டவர் அழைக்கிறாரா என்பதைவிட இது சங்கடமான கேள்வி, ஏனென்றால் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

மே மாத இறை அழைத்தல் முகாமுக்கான படிவம் கருவிப் பையிலேயே கிடக்கிறது. அண்ணனுக்குத் தெரியும். "நீ போனால் பிரேக் தளர்த்த இன்னோர் ஆள் வேண்டும், அதை யோசித்தாயா?" என்று முறைத்தார். மறுநாளே புதிதாகச் சேர்ந்த பையனை இயந்திர அறைக்கு அழைத்துப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். படிவத்தில் ஏன் குருவாக விரும்புகிறாய் என்ற கேள்விக்கு நான்கு வரி இடம். அதை விட்டுவிட்டேன். குடும்பப் பொறுப்பு, கடன் என்ற இடத்தை மட்டும் நிரப்பியிருக்கிறேன்: தங்கை கல்யாணக் கடன், இன்னும் 11 தவணை.