மூன்று சீட்டும் சேரும் இடம்

கடலூர்ப் பக்கம் ஒரே ஆள் மூன்று இடத்தில் வைத்தியம் பார்ப்பது ரொம்ப சாதாரணம். சுகருக்கு மஞ்சக்குப்பம் அரசு ஆஸ்பத்திரி, இதயத்துக்குப் பஸ் ஏறிப் புதுச்சேரி ஜிப்மர், முட்டிவலிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த ஒரு கிளினிக். மூன்று டாக்டர்களும் அக்கறையானவர்களாக இருக்கலாம், ஆனால் மூன்று சீட்டையும் ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு பல நேரம் மருந்துக்கடையில் நிற்கும் மருந்தாளுநர்களான எங்களுக்குத்தான் கிடைக்கிறது. இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் எழுதியிருக்கும், முட்டிக்கு டைக்ளோபெனாக் என்ற வலி மாத்திரை. சேர்ந்து உள்ளே போனால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், சுகர்காரருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். உடனே எழுதிய டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்கிறோம், பெரும்பாலும் அவரே வேறு மருந்து சொல்லிவிடுவார். எங்கள் வேலையில் முக்கியமானது இந்தப் போன்தான். அட்டையை எண்ணிக் கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை. முடக்குவாதத்துக்கு வாரம் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போல நினைத்துத் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். பல நாடுகளில் அப்படி இறந்திருக்கிறார்கள். இந்தச் சீட்டு வந்தால் நான் அவசரப்படவே மாட்டேன். "எந்தக் கிழமைம்மா போடப் போறீங்க?" என்று கேட்டு, அவர் சொல்லும் கிழமையைக் கவரில் பெரிதாகத் தமிழில் எழுதி, கூட எழுதியிருக்கும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரைக்குத் தனிக் கவர் போட்டு, இரண்டையும் அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்வேன். பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். முனகட்டும்.

ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். காய்ச்சல் என்று வந்து, சீட்டு இல்லாமல் "செபிக்ஸிம் ரெண்டே ரெண்டு குடுங்க" என்பார்கள். அது எச்1 என்ற அரசுக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து; சீட்டு வேண்டும், நோயாளி பெயர், டாக்டர் பெயர், எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பதிவேட்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். காசநோய் மருந்துகளும் அந்தப் பட்டியலில் உண்டு. கண்டபடி விழுங்கினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும், பிறகு உண்மையிலேயே தேவைப்படும்போது எதுவும் கேட்காது. தர முடியாது என்றதும் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இன்சுலினைப் பிரிக்காதவரை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்காலம் வந்தால் இன்சுலின் வாங்குகிறவர்களிடம், கரண்ட் போனால் அதை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது என்று பேசாமல் அனுப்பக் கூடாது.

கடைக்கு வெளியேயும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் மருந்தை இருப்புப் பார்த்துக் கொடுப்பது அரசு மருந்தாளுநர்கள். மாத்திரைக் கம்பெனிகளில் தரம் பார்ப்பவர்கள் உண்டு. 2008-ல் வந்த ஃபார்ம்.டி என்ற ஆறு வருட மருந்தாளுநர் படிப்பு படித்தவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களோடு வார்டு ரவுண்ட்ஸ் போகிறார்கள். பக்கவிளைவுகளைப் பதிவு செய்து அனுப்புவதும் எங்கள் பொறுப்பு. அதை நீங்களே 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம்.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் கடையில் மருந்தாளுநர் இருக்க வேண்டும். பதிவு பெற்றவர் தவிர வேறு யாரும் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று 1948-ஆம் வருட பார்மசி சட்டம் 42-வது பிரிவிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் சர்டிபிகேட்டை மாத வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதை வாங்கிச் சுவரில் மாட்டிக் கடை நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். என் தொழிலில் எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயம் இதுதான். அந்த மெத்தோட்ரெக்சேட் சீட்டு அங்கே போனால் கிழமையைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

அதனால் மருந்து வாங்கும்போது "மருந்தாளுநர் யாருங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டில் போட்டுக்கொண்டிருக்கும் எல்லா அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வந்து அவரிடம் காட்டுங்கள்.