ராகிக் கஞ்சி நாட்கள்

மார்ச் 4
கிழவிக் கரடி இன்றும் பாதிக் கஞ்சியை மிச்சம் வைத்துவிட்டாள். அம்மாவும் அப்படித்தானாம். ஆம்பூரிலிருந்து அக்கா போன்.

மார்ச் 5
ராகிக் கஞ்சியில் வெல்லத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். டாக்டர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார். கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவிக்கு இரண்டு கண்ணும் தெரியாது. மோப்பம் பிடித்தே தட்டுக்கு வந்துவிடுவாள். இந்த ஜாதிக் கரடிக்கு மேல் வரிசையில் நடுப்பல் இரண்டு பிறவியிலேயே கிடையாது. கரையானை உறிஞ்ச அந்தச் சந்து வேண்டும். கோரைப்பல் இல்லாதது மட்டும் மனுஷன் வேலை, ஆட்டம் காட்டப் பிடிக்கிறவர்கள் குட்டியிலேயே உடைத்துவிடுவார்கள். அப்புறம் மூக்குக்கு மேலே பழுக்கக் காய்ச்சிய ஊசி, அந்த ஓட்டையில் கயிறு. கயிறு போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தழும்பில் மட்டும் முடி முளைக்கவில்லை. கஞ்சி அங்கே ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

மார்ச் 7
ஸ்கேனுக்கு முன்னால் அம்மாவின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்களாம். சோப்பு போட்டுத்தான் வந்ததாம்.

மார்ச் 8
தூக்கம் இல்லை. மறுபடியும் அந்தத் தாயத்து.
எனக்கு ஐந்து வயது. பெங்களூர் அல்சூரில் எங்கள் சந்துக்குள் கரடிக்காரர் வந்தார். நான் ராத்திரியில் அலறிக்கொண்டிருந்த காலம். அம்மா என்னைத் தூக்கிக் கரடி முதுகில் உட்கார வைத்தாள். ஒரு கொத்து முடி வாங்கி, தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டினாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேனாம். அதை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.
இங்கே எல்லாரும் கரடியாட்டிப் பிழைத்த கலந்தர்களைத் திட்டுகிறார்கள். எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. அவர் வீட்டு அடுப்பு எங்கள் சில்லறையில்தானே எரிந்தது. கடைசி ஆட்டக் கரடி ராஜு பன்னேர்கட்டா கரடி மீட்பு மையத்துக்கு வந்து சேர்ந்ததே 2009 டிசம்பரில்தான். அதுவரைக்கும் ஏதோ ஒரு சந்தில் ஏதோ ஒரு அம்மா முடி வாங்கிக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

மார்ச் 9
தர்பூசணி லோடு வந்தது. கிழவி தொடவில்லை. தேன் தடவிய கட்டையும் அப்படியே கிடக்கிறது.

மார்ச் 10
உறிஞ்சினாள்! முதலில் புஸ்ஸென்று ஊதி மண்ணைத் தள்ளினாள், அப்புறம் ஒரே இழுப்பு. சமையலறை வரைக்கும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கரையான் புற்று ஓரம். கஞ்சியை மட்டும் சீண்டவில்லை. சரி, போகட்டும்.
ராத்திரி அம்மாவே போனில் வந்தாள். "கரடி சாப்பிட்டுச்சாடி?" அவளுக்கு மூக்குத் துளை தூர்ந்துவிடுமோ என்று கவலை. தாயத்தைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 12
வெல்லம் தீர்ந்துவிட்டது. கடையில் சொல்லியிருக்கிறேன். அக்காவைக் கூப்பிட வேண்டும்.