எங்கள் பிள்ளையையும் எண்ணுங்கள்

நேற்று மாலை மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுக்க வந்த பெண் எங்கள் திண்ணையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மகன் அவருடைய செருப்புகளை எடுத்து, குதிகால் சுவரைத் தொடும்படி நேராக வைத்தான். ஒன்று சற்று விலகியதும் மறுபடி வைத்தான். பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஆட்டிசமா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, டேப்லெட்டில் அந்தக் கட்டத்தைத் தொட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டமே கிடையாது. அப்போது குறைபாடுகளில் எட்டு வகைகள்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. அதன் 17ஆவது பிரிவு, பள்ளிப் பிள்ளைகளிடையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, அவர்களுக்கு என்ன தேவை, அது எவ்வளவு கிடைக்கிறது என்றும் பார்க்கச் சொல்கிறது. அந்த 'எவ்வளவு கிடைக்கிறது' என்பதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தலையை மட்டும் எண்ணிவிட்டுப் போனால் பேச்சுப் பயிற்சிக்கு ஆள் வருவாரா?

இவன் முன்பு படித்த பள்ளியில், பதிவேட்டில் இவனுடைய குறைபாட்டைக் குறிக்கவே இல்லை. "பிள்ளைக்கு எதற்கு அந்தப் பெயர்?" என்றார்கள். அன்பால் சொன்னதுதான். ஆனால் பெயர் பட்டியலில் இல்லாததால் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வரவே இல்லை. இரண்டு வருடம் போய்விட்டது. அந்த வயதில் இரண்டு வருடம்!

உங்கள் குழந்தைக்குப் பேச்சு தாமதமானால், ஆறு வயதுக்குள் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் (வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் அரசு மையம்) காட்டுங்கள். கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள்.