டயருக்குக் கொடுத்த கல்

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். எப்போது ஏறினாலும் நடு ரோட்டில் ஒரு கல்லாவது கண்ணில் படும். மலையிலிருந்து உருண்டதென்று சுற்றுலா வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உருண்டு விழுந்த கல் என்றால் சுற்றிலும் செம்மண்ணும் சில்லும் சிதறியிருக்கும். நின்ற வண்டி உருளாமலிருக்க லாரிக்காரன் டயருக்குக் கொடுத்த கல் சுத்தமாக, பெரும்பாலும் ஜோடியாகக் கிடக்கும். ஒரு பக்கம் ரப்பர் தேய்ந்த கறுப்பு இருக்கும்.

எனக்கு இது தெரிய ஒரு காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் லாரியில் கிளீனராக இருந்தேன். சிமெண்ட் ஏற்றிக்கொண்டு மேலே போகும்போது பாதி வழியில் கிளட்ச் பிளேட் போய்விட்டது. பின் சக்கரத்துக்கு இரண்டு கல் வைத்தேன். மெக்கானிக் வந்து சரிசெய்வதற்குள் இருட்டிவிட்டது. "நிறுத்துனா மறுபடி ஏறாதுடா, ஓடி வந்து தொத்திக்க" என்றார் டிரைவர் அண்ணன். ஓடிப்போய்த் தொத்திக்கொண்டேன். கல் அங்கேயே கிடந்தது.

லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே இடத்தில் ஒரு மொபெட் சாய்ந்து கிடந்தது. பால் கேன் வாய்க்கால் ஓரம் உருண்டிருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தண்ணீர் கொடுத்தார். நான் கல்லை ஓரத்துக்கு உருட்டினேன். "எந்தப் பாவி வச்சிட்டுப் போனானோ" என்றார் அவர். நானும் தலையாட்டினேன்.

இப்போது டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். மலையில் வேகம் குறைவு, வளைவில் பார்வையும் குறைவு. மழை பெய்த மறுநாள் முதல் டிரிப் என்றால் இன்னும் மெதுவாகத்தான் போவேன். சின்னச் சின்னச் சில்லாக ரோட்டில் கிடந்தால் மேலே பெரியது ஏதோ அசைந்திருக்கிறது என்று அர்த்தம்; அந்த இடத்தில் போட்டோ எடுக்க நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டேன், யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

ஓமலூர் தாண்டி தொப்பூர் பக்கம் நாலுவழிச் சாலையில் சங்கதி வேறு. அங்கே ரீட்ரெட் டயரின், அதாவது தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் ஒட்டியதின், பட்டை உரிந்து கறுப்பாகச் சுருண்டு கிடக்கும். காற்று குறைந்த டயர், அதிக லோடு, வெயில், மூன்றும் சேர்ந்தால் உரியாமல் என்ன செய்யும்? எண்பதில் போனால் ஒரு நொடிக்கு 22 மீட்டர். லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு, அதன் அடியிலிருந்து பட்டை வெளிப்படும்போது பிரேக்கில் கால் வைக்கக்கூட நேரமிருக்காது. முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கி, மூன்று எண்ணுவதற்குள் நான் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன்.

ஸ்டியரிங்கை வெட்டி ஒடிக்கிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பக்கத்தில் பைக் வருவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணாடியில் பார்த்து, வழி இருந்தால் மட்டும் மெல்ல விலகலாம். இல்லையென்றால் நேராகப் பிடித்து வேகத்தைக் குறைப்பதுதான் வழி. சக்கரத்துக்கு நடுவே விட்டுவிடலாம் என்று நினைப்பதும் கல்லென்றால் ஆபத்து. இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் சம்ப் உடைந்து நடுவழியில் நின்ற காரை நானே கயிறு கட்டி இழுத்திருக்கிறேன்.

டயருக்குக் கல்லுக்குப் பதிலாகக் கொடுக்க, தச்சரிடம் சொல்லி முக்கோணமாக இரண்டு கட்டை செய்து வைத்திருக்கிறேன். கயிற்றால் வேனின் பின்பக்கக் கொக்கியில் கட்டியிருக்கும். மறந்துபோய் வண்டியை எடுத்தால் ரோட்டில் கடகடவென்று இழுபடும். "என்னண்ணா சத்தம்?" என்பார்கள் பின்சீட்டில். ஒன்றுமில்லை என்று சொல்லி, இறங்கி எடுத்துப் போட்டுக்கொண்டு வருவேன்.