கிழக்கு லண்டனில் மகள் ஆர்கெஸ்ட்ராவுக்குப் போன வழி

என் மகள் ஆர்கெஸ்ட்ராவில் எப்படிச் சேர்ந்தாள் என்று ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கத்துப் பெற்றோர் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்றால் பார்பிக்கன் அரங்கில் டிக்கெட் வாங்கிப் போய்க் கேட்பதோடு சரி, நம் பிள்ளைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். உண்மையில் 1990 முதலே டிஸ்கவரி என்று தனியாகக் கல்விப் பிரிவு வைத்திருக்கிறார்கள். 2008இல் தொடங்கிய ஆன் ட்ராக் என்ற இளையோர் இசைத் திட்டம் நியூஹாம், ரெட்பிரிட்ஜ் உட்பட 10 கவுன்சில்களோடு சேர்ந்து நடப்பது. 2019இல் 11 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு ஈஸ்ட் லண்டன் அகாடமியும் வந்தது, அதற்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் எங்களுக்கு வழி பார்பிக்கனில் தொடங்கவில்லை. மகளின் பள்ளிக்கூடத்து மியூசிக் டீச்சரிடம், அவர் மூலம் கவுன்சிலின் இசைச் சேவையிடம், அங்கிருந்து ஏரியா இளையோர் ஆர்கெஸ்ட்ராவிடம் என்றுதான் போனோம். யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

மகள் சின்ன வயதிலிருந்தே கர்நாடக வயலின் படிக்கிறாள். தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றி, ச ப ச ப என்று சுருதி சேர்த்து வாசித்துப் பழகியவள். ஆர்கெஸ்ட்ராவில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும், வயலினைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும், தந்திகளை ஜி டி ஏ ஈ என்ற சுரங்களில் சேர்க்க வேண்டும். ஒரே வயலினில் சுருதியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் தந்தி அறுந்துபோகும், சுருதியும் நிற்காது. இரண்டுக்கும் இரண்டு வயலின் வைத்துக்கொள்ளச் சொன்னது அவளுடைய கர்நாடக டீச்சர்தான், அவர் தடுக்காமல் வழி சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

முதலில் இசைச் சேவையிடம் முக்கால் அளவு வயலின் வாடகைக்கு எடுத்தோம். பிறகு வாங்கும்போது பள்ளிக்கூடம் மூலம் வாங்கினோம். அரசுப் பள்ளியில் அந்த வாத்தியத்தைப் பாடமாகப் படிக்கிற பிள்ளைக்கு, பள்ளியோ கவுன்சிலோ வாங்கிக் கொடுத்தால் 20 சதவீத வாட் வரி கட்ட வேண்டாம். இந்த வசதி இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியவில்லை. கடையில் பணம் கட்டுவதற்கு முன்னால் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள்.

கஷ்டமாக இருந்தது நொட்டேஷன், அதாவது தாளில் எழுதிய சுரக்குறிப்பு. கேட்டதை உடனே வாசித்துவிடுவாள், தாளில் இருப்பதைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் நின்றுவிடுவாள். ஸ ரி க ம என்பது சுருதிக்கேற்ப நகரக்கூடியது, இங்கே கோட்டில் போட்ட டி எப்போதும் டிதான். அந்த மாற்றம் மனதில் இறங்கச் சில மாதங்கள் பிடித்தன. விரலைச் சறுக்கிக் கமகம் கொடுக்கும் பழக்கத்தையும் அடக்க வேண்டியிருந்தது, பக்கத்தில் எட்டுப் பேர் அதே சுரத்தை நேராக வாசிக்கும்போது இவளுடையது மட்டும் அசைந்தால் தனியாகக் கேட்கும். தினமும் புதிதாக நாலு வரி, நிறுத்தாமல், தவறினாலும் திரும்பிப் போகாமல் வாசிக்க வைத்தோம். ஆர்கெஸ்ட்ராவில் சேருவதற்கான தேர்வில் உதவியது அந்தப் பழக்கம்தான்.

அதே சமயம், அவள் கொண்டுபோன சொத்தும் பெரியது. ஓபோ என்ற குழல் வாத்தியம் சுருதிக்கு ஏ சுரம் கொடுத்தவுடன் ட்யூனர் இல்லாமல் தந்தியைச் சேர்த்துவிடுவாள். வாசிக்காமல் பல பார் (நம் ஆவர்த்தனம் மாதிரித் தாள அளவு) காத்திருக்கிற இடங்களில் மற்றப் பிள்ளைகள் கணக்கைத் தவறவிடுகிறார்கள், இவள் முழங்காலில் விரல் வைத்துத் தாளம் போடுகிற மாதிரி எண்ணிக்கொண்டு சரியாக நுழைகிறாள். மேற்கத்திய வாசிப்பு கர்நாடகத்தைக் கெடுத்துவிடும் என்ற பயம் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் இசைக் கல்வி மையமான செயின்ட் லூக்ஸில் ஒரு நாள் சேர்ந்து வாசிக்கிற பயிற்சி கிடைத்தது. 1733இல் கட்டிய தேவாலயம் அது, 1959இல் கூரையை எடுத்துவிட்டு நாற்பது வருடத்துக்கும் மேல் இடிந்து கிடந்ததை 2003இல் இசைக் கல்விக்காகத் திறந்தார்கள். தொழில்முறைக் கலைஞர் ஒருவர் பிள்ளைகளின் வரிசையிலேயே உட்கார்ந்து வாசித்தார். எவ்வளவு நீள வில் எடுப்பது, எங்கே மூச்செடுப்பது என்று மகள் அவரைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். வகுப்பில் பல தடவை சொல்லிக் கொடுத்தும் வராதது அன்று வந்தது.

சனிக்கிழமை காலை ஒத்திகையும் தமிழ்ப் பள்ளியும் மோதின. தமிழை விட எங்களுக்கு மனமில்லை, ஞாயிறு நடக்கிற தமிழ்ப் பள்ளிக்கு மாற்றினோம், தூரம் கூடத்தான். இப்போது இரண்டாம் வயலின் வரிசையில் இருக்கிறாள். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவுக்கு ஆள் குறைவு, மாறிப் பார்க்கிறாயா என்று நடத்துனர் கேட்டிருக்கிறார். அதற்கு வேறு க்ளெஃப், அதாவது எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் குறி வேறு, மறுபடி வாசிக்கப் பழக வேண்டும். இசைச் சேவையில் வாடகைக்கு ஒரு வயோலா இருக்கிறதாம், அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறோம்.