கடைசி வாங்கு

நம் பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு பள்ளி நினைவு எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ கிரிக்கெட்டைப் பற்றியோ எழுதலாம் என்றிருந்தேன். சென்ற ஒக்டோபரில் அமெரிக்காவின் டலசில் இருக்கும் மகனிடம் போய் வந்தபிறகு அது முடியாமல் போயிற்று. அவன் வீட்டிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் போனால் லிற்றில் றொக், ஆர்கன்சா மாநிலத்தின் தலைநகர். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். "பள்ளிக்கூடம் பார்க்கவோ அப்பா இவ்வளவு தூரம்?" என்று கேட்டபடியேதான் கூட்டிப்போனான்.

1957இல் நான் ஏழாம் வகுப்பு. நம் கல்லூரி வாசிகசாலை மேசையில் கிடந்த ஆங்கிலப் பேப்பரில்தான் முதன்முதல் அந்தப் படத்தைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கறுப்பினச் சிறுமி, கொப்பியை அணைத்தபடி நடந்து போகிறாள். பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் வாயைப் பிளந்து கத்துகிறாள். ஆங்கில மாஸ்ரர் செய்தியை வாசித்துப் பொருள் சொன்னார். எங்களுக்கு நெஞ்சு கொதித்தது. "எவ்வளவு அநியாயம், சேர்!" என்று நாங்கள் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது.

அந்தச் சிறுமி எலிசபெத் எக்ஃபோர்ட். வயது 15. நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மூன்று வருடம் கழித்துத்தான் லிற்றில் றொக் மத்திய உயர்பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்களைச் சேர்க்க ஏற்பாடாயிற்று. செப்டெம்பர் 4ஆம் திகதி ஒன்பது பேரும் சேர்ந்தே போவது என்று முதல்நாள் இரவு முடிவு செய்தார்கள். எலிசபெத் வீட்டில் தொலைபேசி இல்லை. சேதி போய்ச் சேரவில்லை. தானே தைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

ஆளுநர் ஃபோபஸ் நிறுத்தி வைத்திருந்த மாநிலக் காவற்படையினர் வெள்ளைப் பிள்ளைகளுக்கு வழி விட்டார்கள். அதைப் பார்த்துத் தனக்கும் விடுவார்கள் என்று நம்பிக் கிட்டப் போனவளைத் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி மறித்தார்கள். பின்னால் கூட்டம், அதில் தூக்கில் போடச் சொல்லிக் கத்தியவர்களும் இருந்தார்கள். தெருக்கோடியில் பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் இருக்கும் வாங்கு ஒன்று தெரிந்தது. அதுவரை போய்விட்டால் போதும் என்று நடந்திருக்கிறாள்.

அந்த வாங்கில் அவள் இருந்தபோது ஒரு பத்திரிகையாளர் பக்கத்தில் வந்திருந்து, நீ அழுவதை இவர்கள் பார்க்கக் கூடாது என்றாராம். கிறேஸ் லோர்ச் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி கூட்டத்தைக் கண்டித்து அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கிறேஸின் கணவர் லீ லோர்ச் கணிதப் பேராசிரியர். அந்தக் குடும்பம் படாத பாடு பட்டது. வீட்டுக் கராஜில் டைனமைற் கூட வைத்தார்கள். கடைசியில் கனடாவுக்கு வந்துவிட்டார்கள். நம்மில் பலருடைய பிள்ளைகள் படித்த ரொறன்ரோ யோர்க் பல்கலைக்கழகத்தில்தான் லீ 1985 வரை படிப்பித்தார். இது எனக்குத் தெரியவந்தபோது அவர் ஓய்வு பெற்று நெடுநாள் ஆகியிருந்தது.

அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். ஜனாதிபதி ஐசன்ஹோவர் இராணுவத்தை அனுப்பி, செப்டெம்பர் 25 அன்று ஒன்பது பேரையும் முன்வாசலால் உள்ளே கொண்டுபோனார். அதோடு கதை முடிந்ததாக நானும் நினைத்திருந்தேன். முடியவில்லை. சிப்பாய்கள் வகுப்பறைக்குள் வர முடியாது. உள்ளே வருடம் முழுக்கத் தள்ளுவதும் துப்புவதும் நடந்தது. எலிசபெத்தைப் படிக்கட்டில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 2,000 பிள்ளைகள் படித்த பள்ளி. அடித்தவர்கள் கொஞ்சப் பேர்தான், மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். பேச்சுப் பயிற்சி வகுப்பில் மட்டும் இரண்டு வெள்ளைப் பிள்ளைகள் அவளோடு சாதாரணமாகக் கதைத்தார்களாம். சாதாரணமாக, அவ்வளவுதான். அதைப் பின்னாளில் எலிசபெத் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

இந்த இரண்டு பேரைப் பற்றி வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குக் கால் ஓய்ந்து போயிற்று. மகனிடம் முழங்கால் வலி என்று சொன்னேன்.

எங்கள் ஏழாம் வகுப்பிலும் ஒருவன் கடைசி வாங்கில் தனியாக இருந்தான். தனியாக இரு என்று யாரும் சொன்னதில்லை. அந்த வாங்கில் அவனுக்குப் பக்கத்தில் யாரும் போய் இருக்கவில்லை, அதுதான் விஷயம். 1930ஐ ஒட்டிய வருடங்களில் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று உத்தரவு வந்தபோது, யாழ்ப்பாணத்தில் சில பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள் என்று ஐயா சொல்லியிருக்கிறார். எங்கள் காலத்தில் நெருப்பு இல்லை. எல்லாம் மரியாதையாக நடந்தது. லிற்றில் றொக் படம் வந்த அதே 1957இல்தான் இலங்கையில், சாதியின் பேரால் ஒதுக்குவதைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும் வந்தது. அதைப் பற்றி வகுப்பில் ஒரு பேச்சு மூச்சு இல்லை.

இடைவேளையில் கிணற்றடிக்குப் போவோம். அவன் வாளியைத் தொடமாட்டான். யாராவது அள்ளி ஊற்ற, குனிந்து கைகளைக் குவித்துக் குடிப்பான். நானும் ஊற்றியிருக்கிறேன். வாளி விளிம்பு அவன் விரலில் படாமல் உயரத்தில் பிடித்து ஊற்றுவேன். அது எனக்குக் கை வந்த வேலையாகிவிட்டிருந்தது. படத்தைப் பார்த்து "அநியாயம்" என்று சொன்ன அன்றும் ஊற்றினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஊற்றியிருப்பேன்.

படம் மேசைக்கு வந்தபோது அவனும் எட்டிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் தவணைக்குப் பிறகு அவன் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

எலிசபெத்தின் நினைவாகப் பள்ளிக்கு எதிரே 2018இல் ஒரு வாங்கு போட்டிருக்கிறார்கள். மகன் அதில் என்னை இருக்கச் சொன்னான், ஒரு படம் எடுக்க. வேண்டாம் என்று நின்றுகொண்டேன்.

1957இல் என்னோடு ஏழாம் வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். பெயரைப் போடவில்லை, அவனுக்கு அது விருப்பமோ என்னவோ. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால், தயவுசெய்து சங்கச் செயலாளருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். என் தொலைபேசி இலக்கம் அவரிடம் இருக்கிறது.