உலர்த்திப் பெட்டியைத் திருப்பி வைத்த கதை

மூன்று முறை பழுதாகிய பின், என் சூரிய உலர்த்திப் பெட்டியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழத் துண்டுகள் நேற்றுத்தான் ஒழுங்காகக் காய்ந்து வந்தன. ஒரு கிலோ துண்டிலிருந்து 215 கிராம் கிடைத்தது. மடித்தால் முறியாமல் வளைகிறது, பிய்த்த இடத்தை அழுத்தினாலும் ஈரம் கசியவில்லை.

முன்னைய மூன்று முறையும் நேர்ந்தது ஒன்றேதான். மேற்பரப்பு கண்ணாடிபோல் இறுகிவிட, உள்ளே சதை ஈரமாகவே கிடந்தது. போத்தலில் அடைத்து ஐந்தாம் நாள் திறந்தால் புளித்த வாடை. தடிப்பில்தான் பிழை என்று 8 மில்லிமீற்றரை 5 ஆக்கினேன், பிறகு தேசிக்காய்ச் சாற்றைக் குறை சொன்னேன். பெட்டிக்குள் வெப்பமானி 68 பாகை காட்டுவதைப் பார்த்துப் பெருமைப்பட்டேனே தவிர, காற்று வெளியேறாமல் தேங்குவதால் வந்த சூடு அது என்பது எனக்கு உறைக்கவில்லை.

பெட்டியை வடக்குச் சரிவாக வைத்திருந்தேன். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை யாழ்ப்பாணத்தில் நண்பகற் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்பதால், தெற்கு நோக்கிச் சரிக்கச் சொல்லும் குளிர்நாட்டு வரைபடங்கள் எங்கள் மாம்பழக் காலத்துக்குப் பொருந்தா என்பது என் வாதம். வாதம் சரிதான், ஆனால் அப்படி வைத்தால் சூடான காற்று வெளியேற வேண்டிய மேல்வாய் தெற்கே பார்க்கும், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வந்து மோதுவதும் அங்கேதான். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மேல்வாயில் பிடித்தபோது, புகை வெளியே போகாமல் பெட்டிக்குள்ளேயே இழுபட்டதைக் கண்டு தலையில் கை வைத்தேன்.

ஆகவே பெட்டியைத் திருப்பி, காற்று நுழையும் கீழ்வாயைத் தென்மேற்குக்குக் கொடுத்து, மேல்வாயைக் கீழ்வாயிலும் சற்றுப் பெரிதாக வெட்டினேன். ஜூன் கடைசியில் சூரியன் உச்சிக்கு வடக்கே ஏறத்தாழ 14 பாகையில் நிற்கிறது. இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்த என் சரிவோ 10 பாகைதான். எனவே நண்பகல் வெயிலில் இழப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெப்பம் 54 பாகைக்கு இறங்கியபோது மனம் சோர்ந்தது உண்மை. ஆனால் 30 பாகையில் 75 வீத ஈரப்பதனுள்ள காற்றை 50 பாகைக்குச் சூடாக்கினாலே ஈரப்பதன் 26 வீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் காற்று ஓடிக்கொண்டிருந்தால் போதும். இரண்டு பகலில் வேலை முடிந்தது. இடைப்பட்ட இரவில் தட்டுகளை வெளியே விடாமல் தகரப் பெட்டியில் மூடி வைத்தேன்.

வெயிலைத் தாங்கும் என்று விற்கப்பட்ட பொலித்தீன் மூன்றாம் மாதமே மஞ்சளாகி மடிப்பில் கிழிந்தது. கடைக்காரரிடம் கேட்டால் வெயிலைக் குறை சொல்கிறார். தட்டுக்கு நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பிவலை மலிவுதான், ஆனால் மாம்பழப் புளி நாகத்தைக் கரைக்கும் என்பதால் எவர்சில்வர் வலைக்கே காசு கொடுத்தேன்.

துண்டுகள் இன்னும் போத்தலில்தான் இருக்கின்றன. ஈரம் எல்லாத் துண்டுக்கும் சமமாகப் பரவ ஒரு கிழமைக்கு நாள்தோறும் குலுக்க வேண்டும். அதற்குள் மனம், பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்யும் பனாட்டுக்குத் தாவிவிட்டது. பனங்களியை வலையில் ஊற்ற முடியாது, ஓலைப்பாய் வேண்டும். பாயின் அடிப்பக்கம் காற்றுப் படாது என்பதால் தட்டுகளின் இடைவெளியை இரட்டிப்பாக்க இப்போதே பலகை அளந்து வைத்திருக்கிறேன்.